கெங்கம்மாள் சந்தில் போன குழாய்

தொண்டையில் அடைத்துக்கொண்டவனால் கத்த முடியாது. கையை ஆட்டலாம், கட்டிலை உதைக்கலாம். சத்தம் மட்டும் வராது. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டை ஒட்டிய தெருவில் இருக்கும் தேவகிக்கு இது தெரியவந்த காலையில், அவள் பின்கட்டுச் சமையலறையில் மல்லாட்டைச் சட்னிக்கு வறுத்த வேர்க்கடலையைக் கொட்டி மிக்சியைப் போட்டாள். மிக்சி ஓடவில்லை. கரண்ட் போய்விட்டதா என்று மின்விசிறியைப் பார்க்க முன்கூடத்துக்கு வந்தாள். மின்விசிறியும் நின்றிருந்தது. அதற்குக் கீழே கட்டிலில் அவள் கணவர் சக்கரபாணி, கண் பிதுங்கி உதடு கறுத்து, வலக்கையால் மெத்தையைப் பிசைந்துகொண்டிருந்தார். தரையில் டம்ளர் உருண்டு கிடந்தது.

தேவகி அலறவில்லை. அவரைத் தூக்கி உட்காரவைத்து, முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அறைந்தாள். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. பிறகு மூச்சு வந்தது. அதற்கும் பிறகு கோபம் வந்தது.

"இன்னாத்துக்கு இப்டி அடிக்கிற?" என்றார் சக்கரபாணி.

"படுத்துக்கினே தண்ணி குடிக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? விசிலு பக்கத்துலதான கெடக்குது? ஊத வேண்டியதுதான?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காற்று வந்தால்தானே விசில். அன்றைக்குக் கரண்ட் இருந்து மிக்சி ஓடியிருந்தால் சக்கரபாணி போய்ச் சேர்ந்திருப்பார்.

அந்த விசில் அவர் விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தது. பக்கவாதம் வந்து இடது கை, இடது கால், பாதி முகம் எல்லாம் தளர்ந்துபோன பிறகு அதைக் கயிற்றில் கோத்துக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டிருந்தாள் தேவகி. ஒரு விசில் அடித்தால் வா. இரண்டு விசில் அடித்தால் வேலை முடிந்தது, நீ போகலாம். இடது உதட்டோரம் காற்று ஒழுகுவதால் சத்தம் சீறலாகத்தான் வரும். ஊதுவது முகத்துக்கு நல்லது என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லியிருந்ததால் அவரும் விடாமல் ஊதினார். அக்கம்பக்கத்துக்குப் பழகிவிட்டது.

தேவகி மயிலம் பக்கத்துக் கிராமத்துப் பெண். கேப்பையும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். கல்யாணமாகித் திண்டிவனம் வந்ததும் பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதுதான். பெரிய அண்டாவைக் கவிழ்த்துக் கஞ்சி வடித்துப் பழகிய கை என்பதால் ஆளைத் தூக்கிப் புரட்டுவதை ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை பார்த்தே கற்றுக்கொண்டாள். "பாவம் பார்த்துக்கினு நிக்காதீங்கம்மா, பக்கம் மாத்துங்க" என்று அந்த நர்சம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். சக்கரபாணியின் முதுகில் இன்றுவரை ஒரு புண் இல்லை. தண்ணீரைவிடக் கேப்பைக் கூழ் தொண்டையில் ஒழுங்காக இறங்கும் என்பதும், முகவாயைத் தாழ்த்தி விழுங்கினால் புரையேறாது என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? அவளோ பின்கட்டில். அவரோ முன்கூடத்தில். நடுவில் ஒரு அறையும் இரண்டு சுவரும்.

விழுப்புரத்தில் இருக்கும் மகள் கலைப்பிரியா போனிலேயே தீர்ப்புச் சொன்னாள். "போதும்மா. அப்பாவ இங்க கூட்டினு வந்துடு."

"உன் வூடு மாடியில இருக்குது. ஏத்திட்டா அப்பறம் அவரு தெருவப் பாக்கறது எப்போ?"

"அப்ப நீ அடுப்பாண்ட நிக்கும்போது அவர யாரு பாக்கறது? அதுக்கு ஒரு வழி சொல்லு."

"நான்தான் பாப்பேன். அடுப்ப அவராண்ட கொண்டாறேன்."

"சரி, செஞ்சி பாரு. சரிப்படலைன்னா நான் வண்டி எடுத்துக்கினு வந்துடுவேன். அப்பறம் பேச்சே கெடையாது."

தேவகி சொன்னால் செய்கிறவள். கூடத்துக்கு அடுத்த அறையில் நெல் மூட்டையும் பழைய பீரோவும் கிடந்தன. அதைக் காலி செய்தாள். கொத்தனார் வந்து கூடத்துச் சுவரை இடுப்பு உயரத்துக்கு மேல் இடித்துப் பெரிய திறப்பாக விட்டார். சமையல் மேடை அந்தத் திறப்பை ஒட்டி வந்தது. அடுப்பின் முன் நின்றால் கட்டில் தலைமாடு முதல் கால்மாடு வரை தெரியும். மேடையின் மறுகோடியில், எதிர்ச்சுவரோரம் சிங்க். அங்கேதான் சிக்கல் வந்தது.

பிளம்பர் சவுரிராயன் அந்தத் தெருவுக்கே வேலை பார்க்கிறவர். வாய் ஓயாது, கையும் ஓயாது. மட்டம் பார்க்க, கண்ணாடிபோலத் தெரியும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையைத் தேவகியிடம் பிடிக்கக் கொடுத்து, மறுமுனையோடு பின்பக்கம் போனார். திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"பின்னால போவாதுக்கா. புயல் மழையில தண்ணி வந்துச்சுன்னு தோட்டத்துல கிராவல் கொட்டி ஏத்திட்டீங்க. தண்ணி ஓடற வாட்டம் உள்பக்கமா இருக்குது. அங்க வுட்டா சிங்க் தண்ணி உன்னையே பாக்க வந்துடும்."

"வேற வழி?"

"இதோ இந்தச் சுவத்துல ஓட்டை போட்டா அந்தாண்ட சந்து. சந்துல நேரா உட்டா தெருக் கால்வா. வளைவே கெடையாது. சும்மா சறுக்கிக்கினு போவும்."

கூடத்திலிருந்து விசில் சீறியது. ஒன்று.

"சந்துப் பேச்ச எடுக்காத சவுரி," என்றார் சக்கரபாணி. "அது அவளோடது."

அவள் என்றால் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள். சந்து அவள் பட்டாவில் இருந்தது. தேவகியைவிட மூத்தவள், தனியாள், செவலை என்ற ஒரு பசுமாட்டோடு குடித்தனம் நடத்துகிறவள். அந்தத் தெருவில் சோறு வடிக்கும் வீடுகளின் கஞ்சியும் கழுநீரும் செவலைக்குத்தான். ஒவ்வொரு வீட்டுப் பின்வாசலிலும் கெங்கம்மாளின் பிளாஸ்டிக் வாளி ஒன்று நிற்கும். தேவகி வீட்டு வாளி மட்டும் இப்போது இல்லை.

கலைப்பிரியாவின் கல்யாணத்தன்று நடந்தது அது. வாசலில் குலையோடு கட்டியிருந்த வாழைமரத்தை, சம்பந்தி வீட்டு வேன் வருகிற நேரம் பார்த்து, அவிழ்த்துக்கொண்டு வந்த செவலை இழுத்துச் சாய்த்துத் தின்றுகொண்டிருந்தது. சக்கரபாணி பந்தலுக்கு வந்த சவுக்குக் கழியை எடுத்து விளாசினார். மாடு சினையாக இருந்தது. முன்னங்கால் மடிந்து விழுந்தது. கெங்கம்மாள் ஓடிவந்து, வந்த சம்பந்திகள் எல்லாரும் கேட்க, "சினை மாட்ட அடிச்ச கை வெளங்காம பூடும்" என்று மண்ணை வாரித் தூற்றினாள். வாளியையும் எடுத்துக்கொண்டு போனாள். செவலை பிறகு நல்லபடியாகத்தான் கன்று போட்டது. ஆனால் அந்த வருஷமே சக்கரபாணிக்குக் கை விழுந்தது.

தெரு முழுக்க இதைத்தான் பேசியது. சக்கரபாணியும் அதைத்தான் நம்பினார். கெங்கம்மாள் அன்றிலிருந்து அவர்கள் வாசல் வழியாகக் கூடப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போவாள். தேவகி மட்டும் நம்பவில்லை. பக்கவாதம் வந்த மறுநாள், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக அவருடைய பழைய கண்டக்டர் பையைத் திறந்தபோது, பிரஷர் மாத்திரைகள் அட்டை அட்டையாகப் பிரிக்காமலே கிடந்ததைப் பார்த்தவள் அவள்.

"அப்ப கூடத்து வழியா தெருவுக்கு உடு," என்று சவுரிராயனுக்குச் சக்கரபாணி உத்தரவு போட்டார். "ஆனா என் கட்டிலுக்குக் கீழ சாக்கட ஓடக் கூடாது. சுத்திக்கினு போவட்டும்."

"சுத்தினா ரெண்டு பெண்டு வளைவு வரும்ணே. வாட்டமும் கம்மி."

"கட்டில் நவுராது."

சவுரிராயன் தேவகியைப் பார்த்தார். கெங்கம்மாளிடம் போவதா, தரையை வெட்டுவதா என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். நோயாளியை ஒரு விஷயத்திலாவது ஜெயிக்க விட வேண்டும் என்று, "வெட்டு" என்றாள். அவள் வாழ்க்கையில் யோசித்துச் செய்த தப்புகளில் அது ஒன்று.

தரையை வெட்டி, கட்டிலைச் சுற்றி ஆறு வளைவது மாதிரி குழாயை வளைத்து, சிமெண்டு பூசி முடித்தார் சவுரிராயன். தண்ணீர் போயிற்று. மெதுவாகப் போயிற்று, ஆனால் போயிற்று. தேவகி கூழ் கிண்டிக்கொண்டே கட்டிலைப் பார்த்தாள். சக்கரபாணி கட்டிலில் இருந்தபடியே குழம்புக்குப் புளி அதிகம், தீயைக் குறை என்று சமையல் சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருஷத்தில் அவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தது கிடையாது.

"பஸ்ல டிக்கெட்டு கிழிச்சவருக்குப் புளி இன்னா தெரியும்?" என்பாள் தேவகி.

"மூக்கு இருக்குதுல்ல. பாதி மூக்கு."

அவள் சிரித்துவிடுவாள். அவரும் பாதி முகத்தால் சிரிப்பார்.

இது நீடிக்கவில்லை. தேவகிக்குக் குக்கர் சோறு சோறே இல்லை, வடித்தால்தான் சோறு. வாளி போன பிறகு பின்வாசலைத் திறந்து கஞ்சியை வாழைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது பின்வாசல் தூரம். அவரை விட்டுப் போக வேண்டும். சிங்க் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சூட்டோடு சூடாகக் கஞ்சியை அதில் ஊற்றினாள். நாலு பேர் குடிக்கிற அளவு கொழகொழத்த கஞ்சி, தினமும். சமைத்துக் கொட்டியே வாழ்நாள் கழிந்தவளுக்கு, கஞ்சி ஆறினால் பசை என்பது தெரியாததல்ல. குழாய்க்குள்ளும் அது ஆறும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சிங்க்கில் தண்ணீர் நின்றது. பிறகு மேலே வந்தது; பாத்திரம் கழுவிய எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் மிதந்தன. சவுரிராயன் கம்பி விட்டுப் பார்த்தார். முதல் வளைவு தாண்டியது; இரண்டாவது வளைவில் முட்டி நின்றது.

"கஞ்சியாக்கா ஊத்துன?"

"ஆமா."

"போஸ்டர் ஒட்டிட்டியேக்கா உள்ள. தரைய மறுபடி ஒடைக்கணும். இந்த தபா கட்டிலு நவுந்துதான் ஆவணும், நேரா உடணும். அப்பவும் வாட்டம் பத்தாது, சொல்லிட்டேன். இல்லியா, பழைய அடுப்படிக்கே போயிடுங்க. பெரிய பேஜாரு பண்ணிக்காத."

பழைய அடுப்படிக்குப் போவதென்றால் மறுபடி இரண்டு சுவர். அதற்குப் பிறகு கலைப்பிரியாவின் வண்டி, விழுப்புரம் மாடி. தேவகி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சவுரி, கொஞ்ச நேரம் அவராண்ட ஒக்காரு. தண்ணி கேட்டா நிமுத்தி வெச்சிக் குடு. நான் வர்றேன்."

கெங்கம்மாள் மாட்டுக் கொட்டகையில் மல்லாட்டைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துக்கொண்டிருந்தாள். தேவகியைப் பார்த்ததும் எழுந்தாள். ஓட இடமில்லாதவள் மாதிரி மாட்டின் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?" என்றாள்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. நல்லா சாப்புடறாரு, நல்லா திட்டறாரு. உன் சந்துல ஒரு குழா போட்டுக்கணும்க்கா. அதக் கேக்க வந்தேன்."

கெங்கம்மாளுக்குச் சந்து காதில் விழவில்லை. "என் வாயி நல்ல வாயி இல்ல தேவகி. ஆத்தரத்துல சொல்லிட்டேன். மேல்மலையனூருக்கு அமாவாசை அமாவாசையா போயிக்கினு இருக்கேன். சொன்னத திருப்பி எடுத்துக்கோ தாயேன்னு அங்காளம்மாகிட்ட கேக்கறேன். அவ எடுக்க மாட்டேங்கறா. ஒரு மனுசன படுக்கையில தள்ளிட்டேனே."

"நீ இன்னா சொன்ன, அதச் சொல்லு."

"அத எப்டி மறுபடி சொல்லுவேன்?"

"சும்மா சொல்லு. நான் இன்னா செத்தா பூடுவேன்?"

"அடிச்ச கை வெளங்காம பூடும்னு."

"எந்தக் கையால அடிச்சாரு?"

கெங்கம்மாள் யோசித்தாள். கண்ணை மூடிக்கூடப் பார்த்தாள். "சோத்துக் கையாலதான். கழிய சோத்துக் கையிலதான் புடிச்சிருந்தாரு."

"இப்ப வராம கெடக்கறது எது?"

கெங்கம்மாள் புண்ணாக்கு ஒட்டிய தன் இரண்டு கைகளையும் தூக்கி, எது எது என்று பார்த்தாள்.

"பீச்சாங்கை," என்றாள் தேவகியே. "சோத்துக் கை கல்லாட்டம் இருக்குது. அந்தக் கையாலதான் இப்பவும் சோறு துன்றாரு, என்ன வெரட்டறாரு. நீ சொன்னது எங்கயும் போவல. அவரு மாத்திர போடல, படுத்துக்கினாரு. அவ்ளோதான் கதை."

கெங்கம்மாள் அப்படியே கொட்டகை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேவகி சிறிது நேரம் நின்று பார்த்தாள். செவலை புண்ணாக்குத் தொட்டியில் மூக்கை விட்டது.

"அழுவணும்னா அப்பறமா அழுக்கா. அங்க சவுரி வாய மூடாம பேசிக்கினு இருப்பான். அவருக்குத் தல வலிக்கும். ஜல்தியா ஒரு பதிலு சொல்லு."

கெங்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். எழுந்தாள். எழுந்ததும் பழைய கெங்கம்மாள் ஆகிவிட்டாள். "குழா மண்ணுக்குள்ள போவணும். சோப்புத் தண்ணி மேல வழிஞ்சி என் மாடு நக்கிச்சுன்னா புடுங்கிப் போட்டுடுவேன்."

"மண்ணுக்குள்ளதான் போவும்."

"அப்பறம் ஒண்ணு. கஞ்சிய எங்க ஊத்தற?"

தேவகி முதல் முறையாகத் தடுமாறினாள். "சிங்க்குல."

"அடிப்பாவி," என்றாள் கெங்கம்மாள். "அரிசிக் கஞ்சிய கொண்டுபோயி சாக்கடைக்கா குடுத்த? என் மாடு இங்க பச்சத் தண்ணி குடிச்சிக்கினு கெடக்குது." கொட்டகை மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பழைய நீல வாளியை எடுத்தாள். அது தேவகி வீட்டு வாளிதான். வேறு வீட்டுக்கு அதை அவள் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேவகி விஷயத்தைச் சொன்னபோது சக்கரபாணி முறைத்தார். "அவகிட்ட போயி நின்னியா?"

"நின்னேன். எந்தக் கையால மாட்ட அடிச்சீங்க?"

அவர் வலக்கையை மெல்லத் தூக்கினார். விரல்களை மடக்கினார், நீட்டினார். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. முகத்தில் வந்தது சந்தோஷமில்லை. குற்றம் சொல்ல ஒரு ஆள் இருந்தாள், அவளும் போய்விட்டாள்.

"மாத்திரைய பையில போட்டு வெச்சதுக்கு அங்காளம்மாவும் பொறுப்பில்ல, கெங்காக்காவும் பொறுப்பில்ல," என்றாள் தேவகி. குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, "போவட்டும். இப்ப போடறீங்கல்ல," என்று தலையணையைச் சரிசெய்தாள்.

சவுரிராயன் சிங்க்குக்குப் பின்சுவரில் ஓட்டை போட்டார். சந்தில் மட்டம் பார்க்க ஆள் தேவைப்பட்டது. ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தேவகி ஓட்டை ஓரம் பிடித்தாள். மறுமுனையைத் தெருப்பக்கம் கெங்கம்மாள் பிடித்தாள்.

"கெங்காம்மா, ஆட்டாத. தண்ணி நிக்கட்டும்," என்று சவுரிராயன் கத்தினார்.

"நான் ஆட்டல. உன் வாய்க் காத்துல ஆடுது."

நல்ல வாட்டம் கிடைத்தது. பள்ளம் தோண்டி, குழாயைப் பதித்து, சிங்க் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு மூடிவைத்த சிறு தொட்டியும் கட்டினார்; இனி அடைத்தால் தரையை உடைக்காமல் திறந்து பார்க்கலாம். கூடத்துக் குழாய் கஞ்சியோடு அப்படியே மண்ணுக்குள் கிடந்தது. தோண்ட வேண்டாம் என்று தேவகி சொல்லிவிட்டாள்.

தண்ணீர் விட்டுப் பார்க்கும் நேரம் வந்தது. உள்ளே ஒருவர் ஊற்ற, கால்வாய் ஓரம் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தேவகி சக்கரபாணியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, இடது கைக்குக் கீழே தலையணை கொடுத்து, வாசலுக்குத் தள்ளிப்போனாள். விசிலை மாட்டிவிட்டாள்.

"தண்ணி வந்தா ஊதுங்க."

அவர் முதுகை நிமிர்த்திக் குழாய் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில் படிக்கட்டில் நின்றதைப் போலவே இருந்தது அவர் முகம். தேவகி உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைச் சிங்க்கில் கவிழ்த்தாள். சிங்க் ஒரே மிடறாக விழுங்கியது. சந்தில் சரசரவென்று ஓடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அப்புறம் வாசலிலிருந்து விசில். ஒன்று. இன்னொன்று.

"போலாம் ரைட்," என்று சவுரிராயன் கூவினார்.

கெங்கம்மாள் சந்து முனையில் மண்வெட்டியோடு நின்றிருந்தாள். இவ்வளவு நாளுக்குப் பிறகு சக்கரபாணியை நேருக்கு நேர் பார்த்தாள். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தாள்.

"காத்து ஒழுவுது தம்பி," என்றாள் கடைசியில். "ஒதட்ட இந்தாண்ட விரலால அமுக்கிக்கினு ஊது."

சக்கரபாணி வலக்கை விரலால் இடது உதட்டோரத்தை அமுக்கிக்கொண்டு ஊதினார். தெருமுனை நாய் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்தது.

"கன்னுக்குட்டி இன்னா, காளையா கெடேரியா?" என்று கேட்டார்.

"கெடேரிதான். இப்ப அதுவே சினையா இருக்குது. கழி எதுவும் பக்கத்துல இல்லியே?"

"இல்லக்கா," என்றார் சக்கரபாணி.

இப்போது தேவகியின் பின்வாசல் சாத்தியே கிடக்கிறது. நீல வாளி புதுச் சமையலறையின் சந்துப்பக்க ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது. காலையில் கெங்கம்மாள் வருவாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவிலுள்ள எல்லார் வீட்டுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தூக்குவாள். கலைப்பிரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். சிங்க்கைத் திறந்து பார்த்தாள், அடுப்படியில் நின்று கட்டிலைப் பார்த்தாள், மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டாள், தனியாகத் திரும்பிப் போனாள்.

அதற்கு மறுநாள், கெங்கம்மாள் ஜன்னலில் யாரோ ஒரு வீட்டு மருமகளைப் பற்றி மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தேவகி சோற்றுப் பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். கஞ்சி தட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மிக்சியில் மல்லாட்டை அரைபட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் எந்த விசிலும் கேட்காது. கூடத்தில் சக்கரபாணி மெல்ல வலக்கையை நீட்டி, தலைமாட்டு டம்ளரை எடுத்து, தலையை அண்ணாந்தார்.

"முகவாயி," என்றாள் தேவகி, பானையிலிருந்து கையை எடுக்காமல்.

அவர் டம்ளரை இறக்கினார். முழங்கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகவாயைத் தாழ்த்தி ஒரு வாய் விழுங்கினார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைத் தேவகி திறப்பு வழியாகப் பார்த்தாள். இன்னொரு வாய். அதுவும் இறங்கியது.

"அப்பறம், அந்த மருமவ இன்னா சொன்னாளாம்?" என்று ஜன்னல் பக்கம் கேட்டுக்கொண்டே, வடிந்த கஞ்சியை நீல வாளியில் ஊற்றினாள்.